டாக்டர் ஆல்பர்ட் சுவைட்சர்: அடைக்கலம் தந்த கரங்கள்

ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதியில், நிலநடுக்கோடு ஊடறுத்துச் செல்லும் காபோன் நாட்டில், ஒகோவே என்னும் பேராறு பாய்கின்றது. அதன் கரையில், அடர்ந்த காட்டின் நடுவே லாம்பரேனே என்னும் ஊர் உள்ளது. 1913 ஆம் ஆண்டு அவ்வூருக்கு வந்து சேர்ந்த மருத்துவர் ஒருவர், தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அங்கேயே கழித்து, 1965 ஆம் ஆண்டு அங்கேயே உயிர் நீத்தார். தோணிகளில் வந்திறங்கிய நோயாளிகளுக்காக அவர் எழுப்பிய மருத்துவமனையில், மனிதரோடு மான்களும், ஆடுகளும், கூழைக்கடாப் பறவைகளும், பூனைகளும் அடைக்கலம் பெற்று வாழ்ந்தன. அவரே டாக்டர் ஆல்பர்ட் சுவைட்சர்.

இசை வல்லுநர், இறையியல் அறிஞர், தத்துவ நூலாசிரியர், சமாதானத்திற்கான நோபல் பரிசு பெற்றவர் என்றெல்லாம் உலகம் அவரைப் போற்றும். ஜைனராகிய நமக்கு அவரிடத்தில் வேறொரு தொடர்பும் உண்டு. கொல்லாமை என்னும் அறத்தை முதன்முதலில் தெளிவுற வகுத்தோர் ஜைனரே என்று எழுதிய ஐரோப்பியப் பேரறிஞர்களுள் அவர் ஒருவர். நம் திருக்குறளை உலக நீதிநூல்களின் முன்வரிசையில் வைத்துப் போற்றியவரும் அவரே. ஆயினும் அதே நூலில் நம் சமயத்தின்மீது அவர் குற்றச்சாட்டு ஒன்றையும் வைத்துள்ளார். பாராட்டை மட்டும் எடுத்துச் சொல்லிக் குற்றச்சாட்டை மறைப்பது நேர்மையன்று. முதலில் அவருடைய வரலாற்றைக் கண்டு, பின்னர் அதற்கு வருவோம்.

சுவைட்சர் 1875 ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 14 ஆம் நாள், அந்நாளில் ஜெர்மனியின் ஆட்சியில் இருந்த அல்சாசு நாட்டில் கைசர்ஸ்பெர்க் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் கிறித்தவ போதகர். குழந்தை பிறந்த சில திங்களிலேயே குடும்பம் குன்ஸ்பாக் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. பள்ளி செல்லும் பருவத்திற்கு முன்பே அச்சிறுவனின் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுந்தது. இரவு வழிபாட்டில் மனிதருக்காக மட்டும் வேண்டிக்கொள்கின்றோமே, மற்றை உயிர்களுக்காக ஏன் வேண்டுவதில்லை என்பதே அது. தாயார் முத்தமிட்டு விளக்கை அணைத்துச் சென்றபின், மூச்சுள்ள அனைத்தும் தீங்கின்றி அமைதியாக உறங்க வேண்டும் என்று தானே அமைத்துக்கொண்ட ஒரு வேண்டுதலை அவன் மெல்லச் சொல்லிக்கொள்வான்.

ஏழெட்டு வயதில், நண்பன் ஒருவனோடு உண்டிவில் எடுத்துக்கொண்டு பறவை அடிக்கச் சென்றான். இலையற்ற மரக்கிளைகளில் பறவைகள் அஞ்சாமல் பாடிக்கொண்டிருந்தன. நண்பனின் ஏளனத்திற்கு அஞ்சி இவனும் கல்லை வைத்து நாணை இழுத்தான். அந்நொடியில் தேவாலயத்தின் மணி ஒலித்தது. உண்டிவில்லை வீசியெறிந்து, பறவைகளை ஓட்டிவிட்டு வீட்டிற்கு ஓடினான். பிறர் நகைப்பார் என்னும் அச்சத்தை அன்றே ஒருவாறு வென்றதாகப் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார். தூண்டிலிட்டு மீன் பிடிக்கும் பழக்கமும் இருமுறையோடு நின்றுபோயிற்று.

வீட்டில் பைலாக்ஸ் என்னும் நாய் இருந்தது. சீருடை அணிந்தவரைக் கண்டால் அதற்கு ஆகாது. தபால்காரர் வரும் வேளையில் அதனை அடக்கி வைப்பது சிறுவன் ஆல்பர்ட்டின் பொறுப்பு. கையில் பிரம்புடன் அதனை ஒரு மூலையில் ஒடுக்கி, உறுமினால் அடிப்பான். விலங்குகளை அடக்கியாளும் வீரன் போன்ற பெருமிதம் அவனுக்கு. பின்பு அந்நாய் நண்பனாய் அருகில் வந்து அமரும்போது மனம் வருந்தும். கழுத்துப் பட்டையைப் பிடித்துத் தடவிக் கொடுத்திருந்தாலே போதுமே, அடியாமலே அது அடங்கியிருக்குமே என்று எண்ணுவான். ஆயினும் மறுநாள் தபால்காரர் வந்ததும் கை மீண்டும் பிரம்பையே நாடும். இந்நிகழ்ச்சியைச் சுவைட்சர் மறைக்காமல் எழுதி வைத்தார். அஞ்சிய உயிரை அச்சத்தால் அடக்குவது வேறு, கைப்பிடியின் கனிவால் அமைதிப்படுத்துவது வேறு என்பதை அவர் அறிந்தது பைலாக்ஸிடமிருந்துதான்.

கல்வியில் அவர் அடைந்த உயர்வுகளை விரிப்பின் பெருகும். தத்துவத்திலும் இறையியலிலும் பட்டங்கள் பெற்றார். ஆர்கன் என்னும் பெருங்கருவி இசைப்பதில் புகழ் பெற்று, இசை மேதை பாக்கைப் பற்றி 1905 இல் நூல் வெளியிட்டார். 1896 ஆம் ஆண்டு, தம் 21 ஆம் வயதில், அவர் ஓர் உறுதி பூண்டிருந்தார். முப்பது வயது வரை கலைக்கும் கல்விக்கும் வாழ்வது, அதன்பின் மக்களுக்கு நேரடியாகத் தொண்டு செய்வது என்பதே அவ்வுறுதி. ஆப்பிரிக்காவில் மருத்துவர் இன்றி மக்கள் வாடுகின்றனர் என்னும் செய்தியை 1904 இல் ஓர் இதழில் படித்தார். பேராசிரியப் பணியில் இருந்தவர், மாணவராகி மருத்துவம் பயிலத் தொடங்கினார். உறவினரும் நண்பரும் திகைத்தனர். அவரோ தளரவில்லை. 1912 இல் ஹெலன் பிரெஸ்லா அம்மையாரை மணந்து, 1913 ஏப்ரலில் இருவரும் லாம்பரேனேயை அடைந்தனர்.

அங்கே மருத்துவமனை என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. பழைய கோழிக்கூடு ஒன்றைத் தூய்மை செய்து, வெள்ளையடித்து, அதனையே மருத்துவ அறையாக்கிக்கொண்டார். சோசப் என்னும் அவ்வூரார் அவருக்கு மொழிபெயர்ப்பாளராகவும் உதவியாளராகவும் அமைந்தார். முன்பு சமையற்காரராய் இருந்தவர் ஆதலின், நோயாளிக்கு எந்த உறுப்பில் வலி என்பதைச் சமையலறையில் இறைச்சித் துண்டங்களுக்கு வழங்கும் பெயர்களாலேயே அவர் சொல்வாராம். நம் செவிக்கு அது இனிப்பதன்று. ஆயினும் நோயறியும் பணி தடையின்றி நடந்தது.

1914 இல் முதல் உலகப்போர் மூண்டது. பிரெஞ்சு ஆட்சிப் பகுதியில் வாழ்ந்த ஜெர்மானியக் குடிமகன் ஆதலின் சுவைட்சர் காவலில் வைக்கப்பட்டார். நாகரிகத்தின் வீழ்ச்சியைப் பற்றியும், அறத்திற்கு அடிப்படை யாது என்பது பற்றியும் அவர் இடையறாது சிந்தித்த காலம் அது. 1915 செப்டம்பரில், நோயுற்ற ஒரு சமயத் தொண்டரின் மனைவிக்கு மருத்துவம் செய்ய ஆற்றின்மேல் நெடுந்தொலைவு பயணம் செய்தார். மூன்றாம் நாள் மாலை, கதிரவன் மறையும் நேரத்தில், படகு நீர்யானைக் கூட்டத்தின் ஊடே சென்றுகொண்டிருந்தபோது, அவர் தேடிய சொல் அவருள் தோன்றிற்று. உயிரை வணக்கத்திற்குரியதாகக் கொள்ளுதல் என்று அதனைத் தமிழில் கூறலாம். நான் வாழ விரும்பும் உயிர், வாழ விரும்பும் உயிர்களின் நடுவே வாழ்கின்றேன் என்னும் உணர்வே அறத்தின் வேர் என்பது அவர் கண்ட முடிவு. எல்லா உயிர்க்கும் வாழ்வே இனிது, துன்பம் இன்னாதது என்று பகவான் மகாவீரர் அருளிய உண்மையை, அவ்வருளுரையை அறியாமலே ஆப்பிரிக்கக் காட்டில் ஒருவர் சென்றடைந்தார் எனலாம்.

1917 இல் அவரும் மனைவியாரும் பிரான்சிற்குக் கொண்டு செல்லப்பட்டுச் சிறைமுகாமில் வைக்கப்பட்டனர். விடுதலை பெற்றபின் இசை நிகழ்ச்சிகளாலும் சொற்பொழிவுகளாலும் பொருள் ஈட்டி, 1924 இல் மீண்டும் லாம்பரேனே திரும்பினார். பழைய கட்டிடங்களைக் காடு விழுங்கியிருந்தது. ஆற்றின் மேற்புறத்தில் புதிய இடம் தேர்ந்து, காட்டைத் திருத்திப் பெரியதொரு மருத்துவமனையைத் தாமே முன்னின்று கட்டினார்.

அக்கட்டுமான வேளையில் அவர் கடைப்பிடித்த ஒரு வழக்கம் நாம் கருதத்தக்கது. தூண் நடுவதற்குத் தோண்டிய ஒவ்வொரு குழியிலும், தூணை இறக்குமுன் அவர் குனிந்து பார்ப்பார். எறும்போ தேரையோ உள்ளே விழுந்திருந்தால் கையால் எடுத்து வெளியே விட்டபின்னரே தூண் இறங்கும். மழைக்குப்பின் பாதையில் தவிக்கும் மண்புழுவை எடுத்து ஈர மண்ணில் விடுதல், கோடை இரவில் விளக்கில் விழுந்து பூச்சிகள் இறவாதபடி புழுக்கத்தைப் பொறுத்துக்கொண்டு சன்னலை அடைத்து வைத்தல் ஆகியவற்றை அறவோனின் அடையாளங்களாக 1923 இல் வெளிவந்த தம் நூலில் அவர் குறித்தார். ஈர்யா சமிதியையும் இரவுண்ணாமையையும் அறிந்த நம் இல்லங்களில் இதனை விளக்கவும் வேண்டுமோ?

இனி அவர் அடைக்கலம் தந்த உயிர்களைக் காண்போம். காட்டில் வலைப்பட்ட குட்டிகளையும் கூட்டிலிருந்து எடுத்த குஞ்சுகளையும் அவ்வூரார் அவரிடம் கொண்டுவருவர். கொல்லாமல் உயிரோடு தந்தால் அவர் விலை கொடுத்து வாங்குவார் என்பது அவர்களுக்குத் தெரியும். தாயிழந்த மான்குட்டிகளுக்குப் புட்டியால் பால் ஊட்டப்பட்டது. இளங்குஞ்சுகளாய் வந்த கூழைக்கடாக்கள் மூன்றனுள் ஒன்று வளர்ந்தபின்னும் அவரை விட்டுப் பிரியவில்லை. பர்சிபால் என்று பெயர் பெற்ற அப்பறவை இரவில் அவருடைய வாயிலருகே அமர்ந்து காவல் புரியும். அதன் வாழ்க்கையை அதுவே சொல்வது போல அவர் எழுதிய சிறுநூல் 1950 இல் வெளிவந்தது.

பூனைகளுள் சிசி என்பது அவருடைய அன்பிற்கு மிகவும் உரியது. ஒரு கட்டிடத்தின் அடியில் ஆதரவற்றுக் கத்திக்கொண்டிருந்த குட்டியாக அது அவர் கைக்கு வந்தது. இரவில் நோயாளிகளின் அலுவல் முடிந்து அவர் எழுத அமரும்போது, சிசி மேசைமீது ஏறி அவருடைய இடக்கையின் மேல் படுத்து உறங்கிவிடும். கை மரத்துப் போனாலும் அதனை அசைக்காமல், அவர் வலக்கையால் எழுதிக்கொண்டே இருப்பார். உலகத் தலைவர்களுக்குச் சென்ற மடல்கள் எழுதப்பட்ட மேசை அது.

அந்நாளில் அக்காட்டில் விலங்கு மருத்துவரைத் தேடிச் செல்ல வழியில்லை. மனிதருக்கு மருத்துவம் பார்த்த கைகளே விலங்குகளுக்கும் துணை. நம் நிலை அவ்வாறன்று. சென்னை வேப்பேரியில் 1903 இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி உண்டு. ஊர்தோறும் இல்லாவிடினும் அருகிலுள்ள ஊர்களில் கால்நடை மருந்தகங்கள் உண்டு. எனினும் நோயுற்ற தெருப்பூனை ஒன்று நம் வீட்டுத் திண்ணையின்கீழ் வந்து ஒதுங்குவது பெரும்பாலும் மாலை மங்கிய பின்போ விடுமுறை நாளிலோதான். மருந்தகம் திறக்கும் வரை உள்ள அந்த ஓர் இரவு நம் பொறுப்பில் வருகின்றது. சுவைட்சர் மருத்துவர், நாம் அல்லோம். ஆகவே செய்யத்தக்கதையும் தகாததையும் சற்று விரிவாகவே கூறுதல் நலம்.

அவ்வுயிருக்கு முதலில் வேண்டுவது உணவன்று. வெதுவெதுப்பும், இருளும், அமைதியுமே. துரத்திப் பிடித்தலும், பிள்ளைகள் சூழ்ந்து நிற்றலும் அதன் எஞ்சிய வலிவையும் போக்கிவிடும். தடித்த துவாலை ஒன்றை மெல்ல மேலே போர்த்தி, துவாலையோடு சேர்த்தெடுத்து, காற்றுத் துளைகள் இட்ட அட்டைப்பெட்டியில் வைத்தல் வேண்டும். நோயுற்ற பூனைக்கும், சிறப்பாகக் குட்டிக்கும், உடற்சூடு விரைவில் இறங்கிவிடும். புட்டியில் வெந்நீர் நிரப்பி, துணி சுற்றி, பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வைத்தால், சூடு மிகுந்தால் அது மறுபக்கம் நகர்ந்துகொள்ளும். உடல் குளிர்ந்து கிடக்கும் குட்டிக்குப் பால் புகட்டலாகாது. சூடு ஏறிய பின்னரே அதன் வயிறு உணவை ஏற்கும். பசும்பாலோ பல பூனைகளுக்குக் கழிச்சலை உண்டாக்கி, உள்ள நீரையும் வெளியேற்றிவிடும். பூனைக்குட்டிகளுக்கென்றே விற்கப்படும் பால்மாவு உண்டு, அதுவே ஏற்றது. வளர்ந்த பூனையாயின் தூய நீரைத் தட்டையான கிண்ணத்தில் அருகில் வைத்தால் போதும். நினைவின்றிக் கிடக்கும் உயிரின் வாயில் நீரை ஊற்றினால் அது நுரையீரலில் இறங்கும். இரக்கத்தால் செய்ததே இறப்பிற்குக் காரணமாகிவிடும். பீளை கட்டிய கண்களைக் காய்ச்சி ஆறிய நீரில் நனைத்த பஞ்சினால் துடைக்கலாம். குளிப்பாட்டுதல் கூடாது.

மருந்து கொடுத்தலைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டியுள்ளது. பூனையின் இயல்பான உடல்வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39 பாகை செல்சியஸ். நம்முடையதைவிட அது மிகுதி. தொட்டால் சுடுகின்றது என்று எண்ணி, வீட்டில் உள்ள பாரசிட்டமால் மாத்திரையைக் கரைத்துப் புகட்டுவோர் உளர். அம்மருந்தை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு இல்லை. குருதி உயிர்வளியைச் சுமக்கும் திறனை இழந்து, ஒரே மாத்திரையாலும் பூனை இறக்கக்கூடும். பினாயில் முதலிய கிருமிநாசினிகளால் அதன் புண்ணைக் கழுவுவதும் நஞ்சே. தோலில் பட்டதை அது நக்கி உட்கொள்ளும். தத்துவார்த்த சூத்திரம் அருளிய உமாசுவாமிகள் ஹிம்சையின் இலக்கணம் கூறுங்கால், பிரமாதம் எனப்படும் விழிப்பின்மையை முதலில் வைத்ததன் நுட்பம் இங்கு விளங்கும். நல்லெண்ணம் இருந்தும் அறியாமையோடு கைவைத்தால் அது ஊறாகவே முடியும்.

காத்திருக்கலாகாத நிலைகளும் உண்டு. வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலும், ஆண்பூனை சிறுநீர் கழிக்க முக்கியும் ஒரு துளியும் வாராமல் தவித்தாலும், விடியும் வரை பொறுத்தல் தகாது. எந்த மருத்துவர் கிடைத்தாலும் அப்போதே செல்லல் வேண்டும். கடியோ கீறலோ பட்டவர் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனை சென்று வெறிநோய்த் தடுப்பூசியைப் பற்றிக் கேட்டல் வேண்டும். இதில் தயக்கம் கூடாது. வீட்டில் வேறு பூனை இருப்பின் இரண்டையும் ஒன்றாக விடலாகாது. எப்போதிருந்து உண்ணவில்லை, வாந்தி எடுத்ததா, சிறுநீர் கழித்ததா என்பனவற்றைக் குறித்துவைத்து மறுநாள் மருத்துவரிடம் சொன்னால், அவர் பணியில் பாதி எளிதாகும்.

இனி, முன்னர்க் கூறிய குற்றச்சாட்டிற்கு வருவோம். இந்தியச் சிந்தனையாளர்களைப் பற்றிய சுவைட்சரின் நூல் 1935 இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. கொல்லாமை அறம் ஜைனத்தில் பிறந்ததை மானிட சிந்தனை வரலாற்றின் மாபெரும் நிகழ்ச்சிகளுள் ஒன்றாக அவர் அதில் மதித்தார். ஆனால் அவ்வறம் இரக்கத்திலிருந்து பிறக்கவில்லை, உலகியல் மாசு தன்மீது படியலாகாது என்னும் துறவு நோக்கிலிருந்து பிறந்தது என்பது அவர் கருத்து. ஆகவே அது செய்யாமையில் நின்றுவிட்டது, துன்புறும் உயிரை நாடிச் சென்று உதவும் கடமையாக விரியவில்லை என்றார். குறளை மட்டும் இதற்கு விலக்காகக் கண்டார். கொல்லாமையோடு, ஊக்கத்துடன் பிறர்க்கு நன்மை புரியும் அன்பையும் அந்நூல் வற்புறுத்துகின்றது என்று வியந்தார்.

இதற்கு நம் விடை யாது? குறளாசிரியர் பொன்னூர் மலையில் தவம் செய்த குந்தகுந்த ஆசாரியரே என்பது நம் முன்னோர் கொண்ட கொள்கை. அதன்படி நோக்கின், சுவைட்சர் விலக்காகக் கண்ட நூல் நம் வீட்டு நூலாகின்றது. அவர் தொடுத்த வழக்கு அவர் அழைத்த சாட்சியாலேயே தளர்கின்றது. அன்றியும், சம்யக்த்துவத்தின் அடையாளங்களுள் அநுகம்பை என்னும் இரக்கம் ஒன்று. இல்லறத்தார்க்கு விதித்த நால்வகைத் தானங்களுள் ஔஷத தானமும் அபய தானமும் அடங்கும். அவை செய்யாமையல்ல, செயல்களே. டெல்லிச் செங்கோட்டையின் எதிரே, திகம்பர ஜிநாலய வளாகத்தில் இயங்கும் பறவை மருத்துவமனையைச் சுவைட்சர் கண்டிருந்தால், அந்நூலின் சில பக்கங்களை மாற்றி எழுதியிருப்பார் என்றே எண்ணுகின்றேன்.

எனினும் நூலைக் காட்டி வழக்கில் வெல்வது எளிது. சாக்கடை ஓரத்தில் ஒடுங்கிக் கிடக்கும் பூனையைக் கண்டு, நாம் அதனைக் கொல்லவில்லை, அதன் வினை அது நுகர்கின்றது என்று சொல்லிக் கடந்து செல்வோர் நம்மில் இல்லையா? வினைக்கொள்கை நம் கையைக் கட்டிப்போடுவதற்காக அருளப்பட்டதன்று. அத்தகையோர் திறத்தில் சுவைட்சரின் சொல் முற்றிலும் பொருந்தும். அதனை மறுக்க இயலாது.

மற்றொன்றில் நாம் அவரோடு உடன்பட இயலாது. மீட்க முடியாத வேதனையில் துடிக்கும் விலங்கைக் கொன்று துயர் தீர்ப்பதும் இரக்கமே என்று அவர் வாதிட்டார். 1928 இல் சபர்மதி ஆசிரமத்தில், உயிர் பிழைக்க வழியில்லாத கன்று ஒன்றை ஊசியிட்டு இறக்கச் செய்ய மகாத்மா காந்தியடிகள் இசைந்தபோது எழுந்த பெரும் எதிர்ப்பில் ஜைனர் பலர் பங்கு கொண்டதை மூத்தோர் அறிவர். நம் மரபு காட்டும் வழி வேறு. சீவக சிந்தாமணியில், அந்தணர் அடித்து வீழ்த்திய நாய் இறக்குந் தறுவாயில், சீவகன் அதன் அருகிருந்து செவியில் ஐம்பத மந்திரத்தை ஓதினான். அது சுதஞ்சணன் என்னும் தேவனாயிற்று. வலியைத் தணிக்க மருத்துவர் தரும் மருந்தை மறுக்க வேண்டியதில்லை. இறுதி வரை உடனிருந்து, மந்திரம் ஓதி, அவ்வுயிர் தானே பிரிய விடுதலே நம் நெறி.

சுவைட்சரை முழு அகிம்சாவாதி என்று மிகைப்படுத்துதலும் ஆகாது. புலால் உண்ணும் மரபில் பிறந்து, வாழ்நாளில் பெரும்பகுதி அவ்வாறே வாழ்ந்தவர். பாம்புகளையும், தூக்கணங்குருவியினப் பறவைகளின் கூடுகளைச் சூறையாடும் பறவைகளையும் துப்பாக்கியால் சுட்டதை அவரே எழுதியுள்ளார். ஆயினும் தாம் செய்த கொலையை அறம் என்று அவர் ஒருபோதும் பெயர் மாற்றவில்லை. மணல்திட்டில் பிடிபட்ட மீன்பருந்துக் குஞ்சு ஒன்றைத் துன்புறுத்துவோரிடமிருந்து விலைக்கு வாங்கினார். இனி அது பட்டினியால் சாக வேண்டும், அன்றேல் அதற்காக நாள்தோறும் சிறுமீன்கள் சாக வேண்டும். இரண்டாவதை அவர் ஏற்றார். ஆனால் ஓர் உயிருக்காக மற்றோர் உயிர் தம் பொறுப்பில் பலியாவது ஒவ்வொரு நாளும் தம் நெஞ்சில் முள்ளாய்த் தைத்ததைப் பதிவு செய்தார். உறக்க நோய்க்குப் புதுமருந்து கிடைத்தபோதும், நுண்ணோக்கியில் தெரிந்த கிருமிகளைக் கண்டு அவ்வாறே எண்ணினார்.

பூனைக்கு அடைக்கலம் தரும் ஜைன இல்லத்தாருக்கும் இதே சிக்கல் உண்டு. பூனை இயற்கையில் ஊனுண்ணி. டாரின் என்னும் சத்து தாவர உணவில் கிடைப்பதில்லை. அஃதின்றேல் கண்பார்வையும் இதயமும் கெடும். தயிர்ச்சோறு இட்டு நெடுநாள் வளர்த்துவிடலாம் என்பது நம் விருப்பமேயன்றி அதன் உடலுக்கு ஒத்ததன்று. டெல்லிப் பறவை மருத்துவமனையார் இதற்கு ஒரு வழி கண்டனர். ஊனுண்ணும் பறவைகளை உள்நோயாளியாகச் சேர்ப்பதில்லை. ஆயினும் மருந்திட்டு அனுப்புவதில் குறைவைப்பதுமில்லை. நமக்கும் அவ்வழி பொருந்தக்கூடும். முதல் இரவில் நோயுற்ற பூனைக்கு வேண்டுவன வெதுவெதுப்பும் நீரும் மருத்துவரிடம் சேர்ப்பிக்கும் கைகளுமே. இவற்றுள் எதுவும் எந்த விரதத்தோடும் முரண்படுவதில்லை. அதன்பின் அதனை வளர்ப்போர் யார், எவ்வாறு என்பதை அவரவர் குடும்பம் ஆராய்ந்து முடிவு செய்க. உணவுச் சிக்கலை முன்காட்டி முதல் இரவின் உதவியையே மறுப்பதற்குத்தான் நியாயம் இல்லை.

சுவைட்சரின் பிற்கால வாழ்வு புகழால் நிறைந்தது. 1952 ஆம் ஆண்டிற்குரிய நோபல் பரிசுத் தொகையைத் தொழுநோயாளர் குடியிருப்பிற்குச் செலவிட்டார். 1957 இல் ஓஸ்லோ வானொலி வாயிலாக அணுகுண்டுச் சோதனைகளுக்கு எதிராகக் குரல் எழுப்பினார். ஆப்பிரிக்க மக்களைத் தமக்குச் சமமாகக் கருதாமல் இளையவராகவே நடத்தினார் என்று அந்நாட்டு எழுத்தாளர்கள் பிற்காலத்தில் கண்டித்தனர். அக்கண்டனத்திலும் உண்மை இல்லாமலில்லை.

அதே 1957 இல் ஹெலன் அம்மையார் காலமானார். அவருடைய சாம்பல் லாம்பரேனேயில் அடக்கம் செய்யப்பட்டது. தொண்ணூறு வயது நிரம்பிய சுவைட்சர், 1965 செப்டம்பர் 4 ஆம் நாள் தம் மருத்துவமனையிலேயே இயற்கை எய்தினார். மனைவியாரின் பக்கத்தில், அவர் தம் கையால் செய்து வைத்திருந்த எளிய மரச்சிலுவையின்கீழ் அவரைப் புதைத்தனர். அங்கிருந்து நோக்கினால் ஒகோவே ஆறு தெரியும்.